சிறப்புக் குழந்தைகளுக்குப் பாலியல் கல்வி: உங்கள் வீட்டில் எப்போது, எப்படித் தொடங்கினீர்கள்?

மழைத்துளி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் மகளுக்கு 10 வயது, டவுன் சிண்ட்ரோம். பேசுவாள், ஆனால் ஒரு வாக்கியத்தில் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வராது. போன வாரம் வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தோம். பார்த்து முடித்த டாக்டர், "பருவ வளர்ச்சி தொடங்கிவிட்டதும்மா. இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதவிடாய் வரலாம். இப்போதிருந்தே சொல்லிக் கொடுங்கள்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். என்ன சொல்லிக் கொடுப்பது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

கணவரிடம் சொன்னால், "அவளுக்கு அதெல்லாம் எங்கே புரியப் போகிறது, பாவம், குழந்தை" என்கிறார். என் அம்மாவோ, "தெரியாத வரைக்கும்தான் நிம்மதி, நீயாகக் கிளறிவிடாதே" என்கிறார். பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். அறையே அமைதியாகிவிட்டது. "அது வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்" என்று சொல்லி அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

எனக்குள் ஓடுகிற பயம் வேறு. இவள் யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். புதிதாக வந்தவராக இருந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்துவிடுவாள். "என்ன பாசமான குழந்தை" என்பார்கள் எல்லோரும். இத்தனை வருடமாக எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அதையே பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

இந்த வழியைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். புத்தி சொல்ல வேண்டாம், நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்.

வகுப்பறை ஜன்னல்

சகோதரி, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 18 வருடமாகப் பாடம் சொல்லித் தருகிறேன். உங்கள் கணவர் சொன்ன அதே வார்த்தையை எத்தனையோ அப்பாக்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "மனதளவில் இவனுக்கு நாலு வயதுதான் டீச்சர்." ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த எண், பிள்ளை எந்த வேகத்தில் கற்கிறான் என்பதைச் சொல்வது. உடம்பு அதைப் பார்த்து வளர்வதில்லை. பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்கும். நம் பிள்ளைகளுக்கும் அதே கணக்குதான். தலையில் நீர் கோர்த்த பிள்ளைகளுக்கும், பெருமூளை வாதம் உள்ள சிலருக்கும் இன்னும் முன்கூட்டியே தொடங்கிவிடுவது உண்டு. மெதுவாகக் கற்கும் பிள்ளை என்றால் நாம் மற்றவர்களைவிட முன்னதாகத் தொடங்க வேண்டும். நடப்பது நேர்மாறாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் மற்ற குழந்தைகளைவிட 3.7 மடங்கு அதிகமாக வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்றது அது. பாலியல் வன்முறையை மட்டும் எடுத்தால் 2.9 மடங்கு. அறிவுசார் குறைபாடோ மனநலப் பிரச்சினையோ இருக்கும் குழந்தைகளுக்கு 4.6 மடங்கு. அதுவும் வசதியான நாடுகளின் தரவுகளை வைத்துச் சொன்ன கணக்கு.

எதில் தொடங்குவது என்று கேட்டீர்கள். உறுப்புகளின் பெயரில் தொடங்குங்கள். கை, கால், மூக்கு சொல்லித் தரும்போதே மார்பு, பிட்டம், யோனி, ஆண்குறி என்பதையும் அதே குரலில் சொல்லுங்கள். செல்லப் பெயர் வேண்டாம். என்னிடம் படித்த ஒரு பெண், "என் பூவைத் தொட்டார்" என்று இரண்டு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். தோட்டத்துப் பூ என்று நினைத்து, "சரிடா, வேறு பூ பறிக்கலாம்" என்று ஆறுதல் சொன்னோம். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

கட்டிப்பிடிப்பதற்கு வட்டம் போடும் முறை உண்டு. தரையில் சாக்பீஸால் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக நாலைந்து வட்டம். நடுவில் பிள்ளையின் போட்டோ. அடுத்த வட்டத்தில் அம்மா, அப்பா, கட்டிக்கொள்ளலாம். அதற்கு அடுத்ததில் உறவினர், கை குலுக்கலாம். அதற்கும் வெளியே தெரிந்தவர்கள், கையசைக்கலாம். கடைசியில் தெரியாதவர்கள், ஒன்றும் தேவையில்லை. வாரக்கணக்கில் போட்டோக்களை எடுத்து வைத்து விளையாட வேண்டும். பிள்ளைகள் கற்றுக்கொண்டு விடுவார்கள். பெரியவர்களை மாற்றுவதுதான் பாடு. ஓடிவரும் குழந்தையிடம் கையை மட்டும் நீட்டச் சொன்னால், "பாவம், ஆசையாக வருகிறாள்" என்று வாரி அணைத்துக்கொள்வார்கள். ஒருவர் அப்படிச் செய்தாலும் பத்து நாள் பாடம் போச்சு.

நிதானம்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம். என் மகனுக்கு 13 வயது, ஆட்டிசம். ஒரு புதுச் சொல் காதில் விழுந்துவிட்டால் அதையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். பஸ்ஸில், வரிசையில், யார் முன்னாலும். நீங்கள் சொல்லும் பெயர்களைக் கற்றுக்கொடுத்தால் நான் அவனை வெளியே கூட்டிப் போகவே முடியாது. ஏற்கெனவே எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. பெண் குழந்தைக்கு ஆபத்து என்று எல்லோருக்கும் புரிகிறது. ஆண் பிள்ளையை, அதுவும் வளர்ந்துவரும் பிள்ளையை, ஆபத்தானவனாகவே பார்க்கிறார்கள். அவனுக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுத்து, அவன் அதை எங்கேயாவது செய்து வைத்தால் அடி வாங்கப் போவது அவன்தான். அதனால்தான் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். வெட்கத்தால் சொல்லவில்லை, பயத்தால் சொல்கிறேன்.

கரையோர நாணல்

நிதானம் அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் நாலு வருடத்துக்கு முந்தைய என்னைப் பார்த்தது போல இருந்தது. என் மகனுக்கு இப்போது 17. ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. நாங்கள் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் 12 வயதில் தன் உடம்பைத் தானே கண்டுபிடித்துக்கொண்டான். கூடத்தில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது கை உள்ளே போய்விடும். முதலில் கையைத் தட்டிவிட்டேன். அப்புறம் அதட்டினேன். ஒருநாள் அடித்துவிட்டேன். அவன் அழுதானே தவிர, எதற்கு அடி விழுந்தது என்று அவனுக்குப் புரியவே இல்லை. அந்த முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஒரு தெரபிஸ்ட்தான் சொன்னார்: இது நோயோ கெட்ட பழக்கமோ கிடையாது, நிறுத்தவும் முடியாது, இடத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள் என்று. சரி என்று, "பாத்ரூம்" என்று சொல்லிக் கொடுத்தேன். அங்கேதான் பெரிய தப்பு செய்தேன். ஆட்டிசம் பிள்ளைக்குப் பாத்ரூம் என்றால் எல்லாப் பாத்ரூமும்தான். பள்ளிக் கழிவறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. கூப்பிட்டு அனுப்பினார்கள். "உங்கள் பையனால் மற்ற பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை" என்றார்கள். அவனுக்கு விதி தெரியும், விதியைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது நான் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

பிறகு முதலிலிருந்து தொடங்கினோம். அவனுடைய அறைக் கதவைப் போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டினோம். மூடிய கதவு, இழுத்துவிட்ட திரை, பக்கத்தில் பச்சை டிக். கூடம், பள்ளி, பஸ், பொதுக் கழிவறை, இவற்றின் படங்களில் சிவப்புப் பெருக்கல் குறி. கை உள்ளே போனால் ஒரு வார்த்தையும் பேசாமல் அட்டையைக் காட்டுவோம். எழுந்து போய்விடுவான். நாங்கள் யாரும் அந்த நேரத்தில் அவன் அறைக்குள் நுழைய மாட்டோம், கதவைத் தட்டாமல் எப்போதுமே நுழைய மாட்டோம். எட்டு மாதம் பிடித்தது. இன்று பிரச்சினை இல்லை.

என் கணவர் இதில் நுழைந்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது. காலையில் படுக்கை நனைந்திருந்தால் அது சிறுநீர் இல்லை, வளரும் பையன்களுக்கு வருவது, துணியை இந்தக் கூடையில் போடு என்று அப்பா காட்டிக் கொடுத்தார். அதுவரை அவன் துணியைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறான், பாவம்.

சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வான் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அதே விதியைச் சொல்லுக்கும் போடலாம், இது அறைக்குள் பேசும் சொல் என்று. நடுவில் சில நாள் சங்கடப்பட நேரும். தாங்கிக்கொள்ளலாம்.

வகுப்பறை ஜன்னல்

சொல்லிக் கொடுத்தால் தூண்டிவிடும் என்ற பயத்துக்கு ஒரு குறிப்பு மட்டும். 2018-ல் யுனெஸ்கோ வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபின், இந்தக் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்றே சொல்கிறது. தள்ளிப்போடுகிறார்கள் என்றும் சில ஆய்வுகளில் தெரிகிறது.

சக்கரம்

இங்கே எல்லாரும் அம்மா அப்பாக்களாக இருக்கிறீர்கள். நான் அந்தப் பிள்ளை. வயது 26, பெருமூளை வாதம், சக்கர நாற்காலி. படித்து வேலையில் இருக்கிறேன். குளிக்க, உடை மாற்ற இன்னும் உதவி வேண்டும்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என் உடம்பு மற்றவர்கள் கையில் இருந்தது. அம்மா, பாட்டி, பிசியோதெரபிஸ்ட், டாக்டர், பார்த்துக்கொள்ள வரும் அக்கா. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் யாரும் கேட்டதும் இல்லை. சட்டையைத் தூக்குவார்கள், காலை விரிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே. வலித்தாலும் சத்தம் போடாமல் இருந்தால் "நல்ல பொண்ணு". அழுதால் "அடம்". இருபது வருடமாக எனக்குச் சொல்லித் தரப்பட்ட ஒரே பாலியல் பாடம் இதுதான்: பெரியவர்கள் தொட்டால் அசையாமல் இரு.

எனக்கு 15 வயதில் ஒருவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். அப்போதும் நான் அசையாமல்தான் இருந்தேன். அது வேறு வகைத் தொடுகை என்று பிரித்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. விவரம் எழுதப் போவதில்லை. யார் மேலும் பழி போடவும் எழுதவில்லை. உங்களில் யாராவது நாளைக் காலை பிள்ளைக்கு உடை மாற்றும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தொடும் முன் சொல்லுங்கள். "இப்போது சட்டையைக் கழற்றட்டுமா?" பிள்ளை பேசாதா, கண்ணால், தலையால், விரலால் பதில் சொல்லட்டும். காத்திருங்கள். தன்னால் எட்டும் இடத்தைத் தானே சோப்புப் போட்டுக்கொள்ளட்டும், கையைப் பிடித்தாவது. கதவைச் சாத்துங்கள். உதவி தேவைப்படும் உடம்புக்கும் வெட்கம் உண்டு.

அப்புறம் இன்னொன்று, இந்த இழையில் யாரும் தொடாதது. பாதுகாப்பு, பாதுகாப்பு என்றே பேசுகிறீர்கள். எனக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. 19 வயதில். அம்மாவிடம் சொன்னபோது அவர் கண்ணில் நான் பார்த்தது கோபம் இல்லை, திகைப்பு. எனக்கு அப்படி ஒரு ஆசை வரக்கூடும் என்றே அவர் நினைத்திருக்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் காதல் வரும். எல்லாருக்கும் என்று சொல்ல மாட்டேன், நிறையப் பேருக்கு வரும். 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு திருமணத்தையும் குடும்பத்தையும் எங்கள் உரிமை என்கிறது. வயதுக்கேற்ற இனப்பெருக்கத் தகவலைப் பெறுவதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆபத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால், உடம்பு என்றாலே பயம் என்று வளர்வோம். நான் அப்படித்தான் வளர்ந்தேன்.

மழைத்துளி

சக்கரம், என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இதை எங்களுக்காக எழுதியதற்கு நன்றிம்மா. படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மௌனமொழி

என் மகன் பேசுவதில்லை, படம் தொட்டால் குரல் வரும் ஆப் வைத்திருக்கிறான். இந்த இழையைப் படித்த பிறகு அதைத் திறந்து பார்த்தேன். முந்நூறுக்கு மேல் படங்கள். விலங்குகள் மட்டும் நாற்பது. உடல் உறுப்பில் தலை, கை, கால், வயிறு. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. "நிறுத்து" இல்லை. "எனக்குப் பிடிக்கவில்லை" இருக்கிறது, ஆனால் சாப்பாட்டுப் பக்கத்தில். ஒட்டகச்சிவிங்கியைச் சொல்ல முடிகிற என் பிள்ளையால், தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. நேற்றிரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்தேன். "நிறுத்து" முதல் பக்கத்தில், பெரிதாக.

பார்வையில்லாத பிள்ளைகளின் பெற்றோரும் யோசித்துப் பாருங்கள். மற்ற பிள்ளைகள் பார்த்தே தெரிந்துகொள்ளும் வித்தியாசங்கள், ஆண் உடம்பு பெண் உடம்பு உட்பட, அவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். உடற்கூறு பொம்மைகளைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்து விளக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

தவிப்பு

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. என் மகளுக்குக் கடுமையான அறிவுசார் குறைபாடு, வலிப்பும் உண்டு. மாதவிடாய் வந்து ஒரு வருடம். பேட் வைத்தால் இழுத்து எறிந்துவிடுகிறாள். உறவில் எல்லோரும் கர்ப்பப்பையை எடுத்துவிடு என்கிறார்கள். "நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய்" என்கிறார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன்.

இரவுப்பணி

செவிலியராக இருக்கிறேன், என் தம்பிக்கும் அறிவுசார் குறைபாடு உண்டு. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன் அக்கா.

முதலில் அந்த "ஏதாவது ஆகிவிட்டால்". கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் வராது. தப்பு நடப்பது நிற்காது. நடந்தது வெளியே தெரியவரும் வழி ஒன்றுதான் அடைபடும். இந்தப் பிள்ளைக்கு எதுவும் ஆகாது என்று தெரிந்தவனுக்கு அது வசதி. உறவினர்கள் நல்ல மனதோடு சொல்கிறார்கள், ஆனால் இதை யோசிப்பதில்லை.

சக்கரம் மேலே சொன்ன உடன்படிக்கையின் அதே 23-ஆம் பிரிவு, குழந்தைகள் உட்பட மாற்றுத்திறனாளிகள் கருவுறும் திறனை மற்றவர்களுக்குச் சமமாகத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதற்குப் பின்னால் மோசமான வரலாறு இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-ல் கட்டாயக் கருத்தடையைச் செல்லும் என்றது. ஸ்வீடனில் அது 1930-களில் தொடங்கி 1970-கள் வரை நடந்தது. எல்லாமே "அவர்கள் நன்மைக்கு" என்று சொல்லித்தான்.

மாதவிடாய் தாங்க முடியாததாக இருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்னால் எத்தனையோ வழி உண்டு. உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகள், ஹார்மோன் சாதனங்கள். மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள், வலிப்பு மருந்தின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். கார்பமாசெபின், பெனிட்டாயின் போன்றவை ஹார்மோன் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். மாதவிடாயை ஒட்டி வலிப்பு அதிகமாகிறதா என்று ஒரு காலண்டரில் குறித்து வாருங்கள், சிலருக்கு அப்படி வருவது உண்டு, மருத்துவருக்கு அது பெரிய உதவி.

பேடை எறிகிறாள் என்றால் அந்த உணர்வு பிடிக்கவில்லையோ என்னவோ. மாதவிடாய்க்கென்றே தைத்த, உறிஞ்சும் உள்ளாடைகள் கிடைக்கின்றன, நிறையப் பிள்ளைகள் அதை ஒத்துக்கொள்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிவை இந்த மாதமே எடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நிதானமாக ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள்.

முதுகுத்தண்டுப் பிளவு உள்ள வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் யாராவது படித்தால் ஒன்று: அவர்களில் பலருக்கு லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உண்டு. ஆணுறை பற்றிச் சொல்லித் தரும்போது லேட்டக்ஸ் இல்லாத வகையைத்தான் சொல்ல வேண்டும்.

நிதானம்

எல்லாவற்றையும் படித்தேன். பெயர்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் துணியை ஒளித்து வைத்ததைப் படித்தபோது எழுந்து போய் என் மகன் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். இரண்டு இருந்தது.

நாணல் தங்கை, அந்தக் கூடை எங்கே வைத்தீர்கள், அறைக்குள்ளேயா வெளியேயா?

கரையோர நாணல்

அறைக்குள், கதவுக்குப் பக்கத்தில் அண்ணா. கூடைமேல் படம் ஒட்டுங்கள். நீங்களே காட்டிக் கொடுங்கள், அம்மா வேண்டாம்.

மழைத்துளி

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். பேட் பழக்கம் தொடங்கிவிட்டோம். உள்ளாடையில் பேனாவால் பேட் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறேன், அந்தக் கோட்டுக்குள் அவளே ஒட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு நடப்பாள், அப்புறம் எடுத்துச் சுருட்டிப் பேப்பரில் மடித்துக் குப்பையில் போடுவாள். நான் மாற்றுவதையும் ஒருமுறை பார்த்தாள். அம்மாவுக்கு அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை, அம்மா நன்றாக இருக்கிறேன், பெரியவளானால் உனக்கும் வரும் என்றேன். "சரி" என்றாள். நான்தான் இத்தனை நாள் அதைப் பெரிய மலையாக நினைத்திருந்தேன்.

வட்டம் மெதுவாகத்தான் போகிறது. என் அம்மாவே இரண்டு முறை கெடுத்துவிட்டார். மூன்றாம் முறை அவரே கையை நீட்டினார்.

முந்தா நாள் காலை பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் கேட்காமல் அவள் சட்டையைத் தலைவழியே இழுத்தேன். என் கையைத் தள்ளிவிட்டு, "வேண்டாம். நானு" என்றாள். நான் நின்றுவிட்டேன். பள்ளி வண்டி கீழே ஹாரன் அடிக்கிறது. அவள் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், ஐந்து பட்டன், பத்து நிமிடம். வண்டி போய்விட்டது. நானே கொண்டுபோய் விட்டு வந்தேன்.

தாமதமாக வந்ததற்குக் காரணம் எழுதச் சொன்னார்கள். "தானே உடை மாற்றினாள்" என்று எழுதிக் கொடுத்தேன்.